பாய்க்கு அடுத்த ஆள்

வேன் வராததற்குக் காரணம் நான் சாகப்போவதுதான் என்று நம்பினேன்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மாணவர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து, அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவன் நான். "கம்ப்யூட்டருக்கு உங்கள்மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது, நீங்கள் எழுதியதை அது செய்யும், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாளே சொல்வேன். அப்படிச் சொன்ன வாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானில், மேரு என்ற ஊருக்குப் போகும் சாலையோர அடுக்குமாடியின் கீழே உலர்ந்துபோய் நின்றது. ஒரு கையில் போர்வை. இன்னொரு கையில் அளந்து ஊற்றிய தண்ணீர் போத்தல். வர வேண்டிய வேன் வரவில்லை. சரி, நம் கதை முடிந்தது என்று நானே முடிவுகட்டினேன்.

படித்தவன் ஒருவன் இப்படி ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் எனக்கு முன்பே பணி ஓய்வு பெற்றுவிட்டன. சர்க்கரையின் வேலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு கால் வீங்கியது. பிறகு சப்பாத்து நுழையவில்லை. பிறகு வேலை போயிற்று. இப்போது என் வேலை, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் ஒரு சாய்வு நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடப்பது. ரத்தம் ஒரு குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. ஒரு முறை போகாவிட்டால் உடம்பில் தண்ணீர் தேங்கும். அடுத்த முறையும் போகாவிட்டால் அது நெஞ்சுக்கு ஏறும். அதற்கடுத்த முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் போவது தர்மத்துக்கு நடக்கும் ஒரு சிறிய டயாலிசிஸ் மையம். கிள்ளானில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். மையத்துக்கு ஒரு வேன், வேனுக்கு ஒரு டிரைவர். வருடம் முழுவதும் போன தைப்பூசத்தின் தண்ணீர்ப்பந்தல் டி-சட்டையையே போட்டுக்கொண்டு வரும் நல்ல மனிதர். முன்பெல்லாம் அவர் ஞாபகத்தை வைத்தே வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றுவார். ஒரு நாள் காப்பார் பக்கம் ஒரு வீட்டின் முன் நின்று ஹாரன் அடித்தார். ஆள் வரவில்லை. மறுபடியும் அடித்தார். இன்னொரு தடவை நன்றாக அழுத்தி அடித்த பிறகுதான் வாசலில் கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அவர் கண்ணில் பட்டன. உள்ளே நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தவரைத்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகன் வெளியே வந்து, "அப்பா இன்னைக்கு வரமாட்டாரு அண்ணே" என்று மட்டும் சொன்னாராம். டிரைவர் வேனை ஓரங்கட்டிவிட்டு அழுதார்.

அதற்குப் பிறகு மையத்தின் செயற்குழு கூடிப் பேசியது. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து கோலாலம்பூரில் மென்பொருள் எழுதும் ஒருவர் சனிக்கிழமைகளில் மையத்துக்குத் தொண்டு செய்ய வருவார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு, என் வழுக்கைக்குக் கொஞ்சம் அதிகம். நான் அவரை பாஸ் என்பேன், அவர் என்னை சார் என்பார். அவர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். சிகிச்சைக்கு முந்தைய மாலை அது எங்கள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகும். இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, அவர் பெயரை டிரைவரின் போனிலும் ஏற்றும். காலமானவர் என்று அலுவலகத்தில் குறித்திருந்தால் அந்தப் பெயரைப் பட்டியலைவிட்டே எடுத்துவிடும். டிரைவருக்கு ஒரே கட்டளை: போனில் பெயர் இருந்தால் போ, இல்லாவிட்டால் அந்த வீட்டுத் தெருவுக்குள்ளேயே நுழையாதே.

எங்களுக்கு வரும் செய்தி இதுதான்: "நாளை காலை வேன் வரும். தயாராக இருக்கவும்."

"இதைப் படிச்சா வேன் வர்ற மாதிரியா இருக்கு?" என்பார் பாய்.

பாய் என் பக்கத்து நாற்காலி. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். உடம்பு கெட்டதும் கடையைக் கைமாற்றிவிட்டுக் கிள்ளானில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். நாங்கள் இருவரும் மையத்தில் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். பதிவு மேசைக்கு அவர் எனக்கு ஓர் ஆள் முன்னால் நின்றார். பட்டியல் சேர்ந்த வரிசைப்படி இருந்ததால் அதிலும் எனக்கு மேலே அவர், அவருக்குக் கீழே நான்.

"வாத்தியாரே, நீங்க என்னாதான் படிச்சுக் குடுத்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஒரு கலெக்‌ஷன்ல இருக்கிறத ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறது எப்படின்னு பாய்."

"ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு பீஸ் வேறயா?"

"பீஸும் உண்டு, பரீட்சையும் உண்டு."

"யா அல்லா. எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க இருக்கிற சேலை அத்தனையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாங்க. நான் ஒருத்தருக்கும் சர்ட்டிபிகேட் குடுத்ததில்ல. கடைசியில ஒண்ணும் வாங்காம வேற போவாங்க."

என்னால் விட முடியுமா? வாத்தியார் புத்தி. பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைப் பற்றி அவருக்குச் சொன்னேன். வகுப்பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். வெள்ளைக் கோலோடு வருகிறவர் தெரு முழுவதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. கோலால் தட்டுகிறார்: அடுத்த கல் இருக்கிறதா? இருக்கிறது. ஓர் அடி. அடுத்தது இருக்கிறதா? இன்னோர் அடி. இல்லையென்றால் நின்றுவிடுகிறார். நாங்கள் இட்டரேட்டர் என்று சொல்லும் பொருளும் அப்படித்தான். தொகுப்பு எவ்வளவு பெரியது, உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்பதெல்லாம் அதைப் பயன்படுத்துகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. 'இன்னும் இருக்கிறதா, இருந்தால் கொடு' என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தக் கல்லு மேல மோட்டார் சைக்கிள் நிறுத்தி வச்சிருப்பானுங்களே, அதுக்கு என்னா பண்ணுவீங்க?" என்றார். 

இனி, முன்தயாரிப்பின் முக்கியமான பகுதி.

மையத்தில் சாவை அறிவிக்க மாட்டார்கள். மிஸ்ஸிகளுக்கு, அதாவது தாதியருக்கு, அப்படி ஓர் உத்தரவு. ஊசி ஏறிய கையோடு கிடப்பவர்கள் கேட்டால் அங்கேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடுமாம். ஒருவர் வரவில்லையே என்று கேட்டால், "செக்கப் போயிருக்கார்" என்பார்கள். சில நாள் கழித்து அந்த நாற்காலியில் புதியவர் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்களும் கேட்க மாட்டோம். ஆனால் மனித மூளைக்குச் சேதி வேண்டும். சேதி கிடைக்காவிட்டால் அதுவே தயாரித்துக்கொள்ளும்.

எதிர் நாற்காலி ஆன்ட்டிதான் முதலில் கண்டுபிடித்தார். பண்டமாரானிலிருந்து வரும் ஓர் அங்கிளை ஒரு நாள் வேன் ஏற்றாமல் வந்துவிட்டது. அந்த வாரம்தான் இன்னொருவர் 'செக்கப்' போயிருந்தார். வேன் விட்டுவிட்டு வந்த அங்கிள் தீபாவளிக்கு முன்பே போய்ச்சேர்ந்தார். பிறகு காப்பார் ஆன்ட்டி ஒருவர். அதே கதை. ஒருவர் செக்கப், மறுநாள் இவருக்கு வேன் இல்லை, கொஞ்ச நாளில் இவரும் செக்கப்.

"ஒருத்தர் போனா வேன் இன்னொருத்தர விட்டுட்டு வரும். அடுத்தது அவங்கதான்" என்றார் எதிர் நாற்காலி ஆன்ட்டி. "எமன் மொதல்ல வேன்லதான் சீட்டக் காலி பண்றான் லா. அப்புறம்தான் வீட்டுக்கு வர்றான்."

சத்தமாகச் சிரித்தது நான்தான். எமன் எருமையை விற்றுவிட்டு வேன் வாங்கிவிட்டான், ரோட் டாக்ஸ் கட்டினானா கேளுங்கள் என்று நாற்காலி நாற்காலியாக ஜோக் அடித்தேன். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் சிரித்தேன்.

"ரொம்பச் சிரிக்காதீங்க வாத்தியாரே" என்றார் பாய். "லிஸ்ட்ல எனக்கு அடுத்தது நீங்கதான். நான் போற வாரம் கிராப் டாக்சி புக் பண்ணி வச்சுக்குங்க."

"போறதா இருந்தா முன்னாடியே ஒரு மெசேஜ் போட்ருங்க பாய்."

"போடுறேன். ஆனா பதில் கிதில் போட்றாதீங்க. அங்க எனக்குப் பயமா இருக்கும்."

இது நடந்து ஒரு மாதம்கூட இருக்காது. ஒரு திங்கட்கிழமை மாலை எனக்குச் செய்தி வரவில்லை. போனில் டேட்டா தீர்ந்திருக்கும் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலைதான் நான் போர்வையோடு கீழே நின்றது.

வேன் வரும் நேரம் போயிற்று. பள்ளிக்கூட பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. குப்பை லோரி வந்தது, அதுவும் போயிற்று. என்னை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. டிரைவருக்குப் போன் அடித்தேன்.

"ஹலோ?" என்றார்.

"அண்ணே, நான்தான். எங்க இருக்கீங்க?"

மிகவும் தாழ்ந்த குரலில், "அண்ணே, நீங்களா பேசுறீங்க?" என்றார்.

"பின்ன யாரு பேசுவா?"

"ஐயோ, முருகா." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "காலையில போனத் தொறந்தா ரெண்டு பேரு பேர் இல்லண்ணே. உங்க பேரும் இல்ல. உங்களுக்காக முருகனக் கும்பிட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தேன். பேர் இல்லன்னா அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல? நேரா சென்டருக்கு வந்துட்டேன்."

என்னை இறந்தவனாக நினைத்து ஒரு மனிதர் காலையில் முருகனைக் கும்பிட்டிருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு பேர் என்றாரே, இன்னொருவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும். அதையும் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது, என் பெயர் இல்லை என்பது மட்டும்தான்.

மாடியேறுவதற்குள் என் மரணத்தின் விவரங்களை முடிவுசெய்துவிட்டேன். போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். முடிவில் ஏதோ பார்த்திருக்கிறார்கள். டாக்டர் தலையை ஆட்டியிருக்கிறார். அலுவலகத்தில் அவசரப்பட்டு முன்கூட்டியே குறித்துவிட்டார்கள். அரசாங்கம், மருத்துவமனை, தர்ம மையம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. எல்லா வீடுகளிலும் அப்படித்தானே, நோயாளியிடம் கடைசியில்தான் சொல்வார்கள்.

மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். என் மரணம் உட்பட.

"வேன் வரல. அவ்வளவுதான?" என்றாள். "கார்ல ஏறுங்க."

காரில் போகும்போது இறுதி ஏற்பாடுகளைச் சொல்ல ஆரம்பித்தேன். "பேங்க் பாஸ்வேர்ட் ஒண்ணு இருக்கு, சொல்றேன், கவனமா கேளு."

"எனக்குத் தெரியும்."

"ஈமெயில் பாஸ்வேர்ட்?"

"அதும் அதேதான. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் வாத்தியாராம்." சிக்னல் விழுந்தது. பிரேக் பிடித்தவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "காலையில ஏன் இப்படிப் பேசுறீங்க. நானும் பயப்படணுமா?"

 கண்ணாடியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் வைப்பரைப் போடவே இல்லை. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மையம் வந்துவிட்டது.

உள்ளே போனதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதிர் நாற்காலி ஆன்ட்டி பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதுபோல, முழுமையாக, மேலிருந்து கீழ்வரை. மிஸ்ஸிகள் எடை பார்த்தார்கள். ஊசி ஏற்றினார்கள். டயாலிசிஸுக்கென்று அறுவை செய்து இணைத்திருந்த என் கை நரம்பு எப்போதும்போல மோட்டார் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. குழாயில் சிவப்பு ஓட ஆரம்பித்தது.

"மிஸ்ஸி, என் பிளட் ரிசல்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு அங்கிள். ஓக்கேதான். வாழைப்பழம் சாப்பிட்டீங்களா? பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருக்கு."

"வேற ஒண்ணும் இல்லையா? மறைக்காம சொல்லுங்க மிஸ்ஸி. நான் தாங்கிக்குவேன்."

"ஒரு வாழைப்பழத்துக்கு இவ்வளவு சீனா அங்கிள்?"

அப்போதுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். விரிப்பை மடித்து வைத்திருந்தார்கள். இயந்திரத்தின் திரை இருட்டாக இருந்தது. பாய் எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவார், அந்த விரிப்பை மடித்திருக்கிறது சரியில்லை என்று கையால் நீவி மறுபடியும் மடிப்பார். துணிக்கடைக் கை.

"பாய் எங்க?"

மிஸ்ஸி என் குழாயைச் சரிசெய்தார். சரியாக இருந்த குழாய். "செக்கப் போயிருக்கார் அங்கிள்."

என் இயந்திரம் அலறியது. ரத்த அழுத்தம். இரண்டு மிஸ்ஸிகள் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்தார்கள். காலைத் தூக்கினார்கள், ஏதோ திரவத்தைத் திறந்துவிட்டார்கள். எதிர் நாற்காலி ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். கணக்கைச் சரிபார்த்தாலும் பார்த்திருக்கலாம். ஒருவர் செக்கப். அடுத்தவருக்கு வேன் இல்லை. எமன் வேன் வாங்கியதைக் கிண்டல் செய்தவன் நான். அவனுக்கு ஞாபக சக்தி இருக்குமா இருக்காதா என்று அந்த நிமிடத்தில் உண்மையாகவே யோசித்தேன்.

அழுத்தம் திரும்ப ஏறியதும், ஊசி இல்லாத கையால் பாஸுக்குப் போன் அடித்தேன். பயந்தவனுக்குச் சண்டைபோட ஓர் ஆள் வேண்டும்.

"பாஸ், லிஸ்ட்ல என் பேர ஏன் எடுத்தீங்க? யாரு எடுக்கச் சொன்னா?"

"சார்? நான் யார் பேரையும் எடுக்கலையே சார். இருங்க, தொறந்து பாக்குறேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "இருக்கே சார். உங்க பேரு பத்திரமா இருக்கு. ஒன்பதாவது ஆளு."

"நான் பத்தாவது ஆள் பாஸ். ஒன்பதாவது பாய்."

"இல்ல சார், இப்ப நீங்கதான் ஒன்பது. அவரு பேரு நேத்து சாயங்காலம்..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார்.   என் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாஸ், நம்பர் வச்சுத்தான நடந்தீங்க?"

"ஆமா சார்."

"நடக்கும்போதே எடுத்தீங்களா?"

"ஐயோ சார்" என்றார்.

ஒவ்வொரு வகுப்பிலும் இதை நான் விளையாட்டாக நடத்திக் காட்டியிருக்கிறேன். மாணவர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்துவேன். தரையில் கட்டங்களுக்கு எண் எழுதியிருக்கும். ஒன்றாம் கட்டத்தில் நிற்பவனின் தலையைத் தொடுவேன், பிறகு இரண்டாம் கட்டம், பிறகு மூன்றாம் கட்டம். இடையில் ஒருத்தி சட்டையில் சிவப்புத் தாள் ஒட்டியிருப்பாள். அவளைத் தொட்டதும் "நீ போய் உட்கார்" என்பேன். அவள் போனதும் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டம் முன்னால் நகர வேண்டும், வரிசையில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது விதி. நான் ஒன்றும் தெரியாதவன்போல அடுத்த எண்ணுக்குப் போவேன். அவளுக்கு அடுத்து நின்றவன் இப்போது அவள் கட்டத்தில் நிற்கிறான். அந்தக் கட்டத்தை நான் முடித்துவிட்டேன். அவனைத் தொடாமலேயே தாண்டிப் போவேன். உடனே அவன் கையைத் தூக்கிக் கத்துவான், "சார், என்னத் தொடவே இல்ல!" வகுப்பே சிரிக்கும்.

தொகுப்பில் நடக்கும்போது தொகுப்பைக் கலைக்காதே. இதுதான் பாடம். இட்டரேட்டரைக் கொண்டு நடந்தால் சில மொழிகளில் நிரலே அலறிக்கொண்டு நின்றுவிடும்: நான் நடக்கிறேன், பாதையை யாரோ மாற்றுகிறார்கள் என்று. வெறும் எண்ணை வைத்து நடந்தால் அலறாது. ஒருவரைத் தாண்டிவிட்டு, எல்லாரையும் பார்த்துவிட்டேன் என்று நல்ல பிள்ளையாகச் சொல்லும். வேண்டுமென்றால் கடைசியிலிருந்து முன்னோக்கி நடக்கலாம், அல்லது முதலில் எல்லாரையும் பார்த்துமுடித்துவிட்டுப் பிறகு எடுக்க வேண்டியவர்களை எடுக்கலாம். பரீட்சையில் நிச்சயம் வரும் கேள்வி. நானே வினாத்தாள் தயாரித்திருக்கிறேன்.

ஆனால் நான் எப்போதும் தலையைத் தொட்டுக்கொண்டு போகிறவனாகத்தான் இருந்தேன். வரிசைக்குள் நின்று பார்த்ததில்லை. நிற்கும்போது அது எமன் மாதிரிதான் தெரிந்தது.

பண்டமாரான் அங்கிளும் காப்பார் ஆன்ட்டியும் இறந்தவர்களுக்கு அடுத்து நின்றவர்கள், அவ்வளவுதான். வேன் ஒரு தடவை விட்டுவிட்டு வந்தது, அடுத்த தடவை ஒழுங்காக வந்தது, அதனால் யாரும் விசாரிக்கவில்லை. பிறகு அவர்கள் இறந்தது வேனால் அல்ல. எங்கள் மையத்தில் யாரைக் காட்டி 'அடுத்து இவர்' என்று சொன்னாலும் கொஞ்ச நாளில் அது பலித்துவிடும். நாங்கள் அப்படிப்பட்ட ஒரு தொகுப்பு.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! தூக்கிவைத்த காலோடு, ஒரு கையில் இரண்டு ஊசிகளோடு அறை முழுவதும் கேட்கும்படி அறிவித்தேன். எமனும் இல்லை எருமையும் இல்லை, லூப்புக்குள் ஒரு பிழை, இப்போது கண்டுபிடித்தாயிற்று, பாஸ் இன்றைக்கே சரிசெய்துவிடுவார். யாராவது கைதட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

எதிர் நாற்காலி ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். "அப்ப இனிமே வேன் எல்லாருக்கும் கரெக்டா வருமா?"

"வரும் ஆன்ட்டி."

"யாரு போனாலும்?"

"யாரு போனாலும்."

"இவங்க ஒண்ணும் சொல்றதில்ல" என்று மிஸ்ஸிகளின் பக்கம் தாடையைக் காட்டினார். "வேன் வரலன்னாத்தான் ஒருத்தர் போயிட்டாங்கன்னு நமக்குத் தெரியும். அதையும் சரி பண்ணிட்டீங்கன்னா, நமக்கு யாரு சொல்லுவா?"

நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். மடித்த விரிப்பின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கை நீளும் தூரம்தான். குழாய் இழுத்தது, எட்டவில்லை.

பாஸ் அன்று மதியமே திருத்திவிட்டார். இனி நிரல் முதலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பி முடிக்கும், அதன் பிறகே பெயர்களை எடுக்கும். புதன்கிழமை மாலை எனக்குச் செய்தி வந்தது. தயாராக இருக்கவும். வியாழக்கிழமை வேனும் வந்தது. என்னைக் கண்டதும் டிரைவர் ஹாரன் அடித்தார், நான் எதிரிலேயே நின்றும்கூட. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நாற்காலிகளில் புதியவர்கள் வந்துவிட்டார்கள். வேன் ஒரு வீட்டையும் தவறவிடவில்லை.

பாயின் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் அந்த வாரமே போய் வந்தோம். நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை மகள் மையத்துக்குப் போன் செய்து சொன்னார், அலுவலகத்தில் குறித்துக்கொண்டார்கள். அன்று மாலை நிரல் அவர் பெயரை எடுத்தது. அவர் இடத்துக்கு நான் நகர்ந்தேன். நிரலோ அந்த இடத்தை முடித்துவிட்டதாக நினைத்து அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

வேன் வராததற்குக் காரணம் பாய் இறந்தது.